ரெங்கராஜு மாமாவுக்கு முடி முளைத்த மாட்டினி

நான் முதன்முதலில் திரையில் அசையவைத்தது ஒரு மீசையை. அதை நான் அசைக்கவில்லை, அதுவாகத்தான் அசைந்தது என்பதை ஒப்புக்கொள்ள, நாற்பது வருடம் கார்ட்டூன் படம் வரைந்து ஓய்வு பெற வேண்டியிருந்தது.

அறுபதுகளின் தொடக்கம். திருச்சி பாலக்கரையில் எங்கள் வீடு. கொட்டகையில் பெரிய படத்துக்கு முன்னால் போட்ட ஒரு துண்டுக் கார்ட்டூனைப் பார்த்த நாளிலிருந்து எனக்குப் பித்துப் பிடித்திருந்தது. ஞானோபதேச வகுப்பு நோட்டின் ஓரத்தில் பக்கத்துக்கொரு குருவி வரைந்து, விரலால் புரட்டிப் பறக்கவிடுவேன். (குருவி பறந்தது, கூடவே பரீட்சையும்.) மெட்ராஸுக்குப் போய் ஓவியம் படிக்கிறேன் என்றேன். அரியமங்கலம் பட்டறையில் லேத் ஓட்டிய அப்பாவோ, பக்கத்து லேத்தில் எனக்கு இடம் சொல்லி வைத்திருந்தார்.

கடைசியில் ஓர் உடன்பாடு. அப்பாவின் சிநேகிதர் ரெங்கராஜு மாமாவுக்கு ஸ்ரீரங்கத்தில் குடைக்கடை. இடைவேளையில் திரையில் காட்ட, கண்ணாடியில் வரைந்த விளம்பர ஸ்லைடு ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது. நான் வரைந்து மாமா மெச்சினால் மெட்ராஸ். இல்லையென்றால் திங்கட்கிழமை முதல் பட்டறை.

மாமாவுக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. அந்தக் குறையை மீசையில் தீர்த்துக்கொண்டிருந்தார். ஸ்லைடில் குடை பிடித்த மாமாவையே வரைந்தேன். குடையும் வழுக்கையும் நன்றாகவே வந்தன. மீசைக்கு வரும்போது கறுப்பு பெயிண்ட் தீர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை, மாட்டினிக்கு இரண்டு மணி நேரம்தான். அக்கா பிலோமினாவின் மைச்சிமிழ் கண்ணில் பட்டது. விளக்கெண்ணெயில் குழைத்த நல்ல கண்மை. மீசை பளபளவென்று வந்தது. என்னைப் போல் மேதை திருச்சி ஜில்லாவிலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா குதிரை வண்டியில் குடும்பத்தோடு வந்திறங்கினார். இடைவேளையில் திரை முழுக்க மாமா. பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் தன்னையே சுட்டிக்காட்டினார். அப்பாகூட லேசாகச் சிரித்தார்.

அப்போது மீசை நகர்ந்தது.

ஸ்லைடைத் தலைகீழாகச் செருகினால்தான் திரையில் நேராகத் தெரியும். விளக்குச் சூட்டில் உருகிய மை கண்ணாடியில் கீழே வழிய, திரையில் மீசை மேலே ஏறியது. மூக்கைத் தாண்டியது, கண்களை மூடியது, கடைசியில் வழுக்கைமேல் போய்க் கருகருவென்று தேங்கி நின்றது. தரை டிக்கெட்டில் விசில் பறந்தது. மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. அதற்கு அவர் நாலு அறை விட்டிருக்கலாம். லேத் சுற்றும் சத்தம் என் காதிலேயே கேட்டது.

மாமா எழுந்து என்னிடம் வந்தார். ஓடலாமா என்று பார்த்தேன், வாசல் பக்கம் கூட்டம்.

"தம்பி, இருபது வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் என் தலையில முடியப் பார்த்தேன்" என்றார். வழுக்கையைத் தடவிக்கொண்டார். "அடுத்த ஆட்டத்துக்கும் இதையே போடணும்."

ஒரு வாரம் போட்டோம். ஆட்டத்துக்கு ஆட்டம் புது மீசை. மையைக் கெட்டியாக அப்பினால் மெல்ல ஏறும், இளக்கினால் ஓடும். மூக்கு நுனியில் கொஞ்சம் தயங்கி ஏறினால்தான் சிரிப்பு அதிகம் என்று ஆபரேட்டர் அறையில் நின்று கண்டுபிடித்தேன். பிற்பாடு எந்த வாத்தியாரும் இதைவிடப் பெரிதாக எதையும் சொல்லித்தரவில்லை. எனக்கு அப்படியொரு சந்தோஷம்! அக்காதான் அந்த வாரம் மை இல்லாத கண்ணோடு கோயிலுக்குப் போனாள். சனிக்கிழமை அப்பா, "போயிட்டு வா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

என் பேர் திரையில் வரும்போதெல்லாம் அக்கா கேட்பாள்: "மை கொடுத்தவ பேரு எங்கடா?" இப்போதும் நான் அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினால், உள்ளேயிருந்து அவள் மகள் குரல் வரும்.

"அம்மா, சிமிழை எடுத்து உள்ள வைங்க. மாமா வந்தாச்சு."