கழற்றி வைத்த லென்ஸும் கலைந்த சம்பந்தமும்

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சானுக்கு,

தங்கள் தங்கை கணவன் எழுதிக்கொள்வது. இங்கு என் ரத்த அழுத்தம் நீங்கலாக யாவரும் சௌக்கியம். நம் பெண்ணுக்குத் தாங்கள் முன்நின்று பேசி முடித்த சம்பந்தம் முறிந்தது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடவும்.

நடந்ததைக் கேளுங்கள். 'பெண்ணுக்குக் கண்ணாடியே கிடையாது' என்று அவர்களிடம் அடித்துச் சொன்னது தாங்கள். அவளும் கண்ணுக்குள் லென்ஸை மாட்டிக்கொண்டு, நிச்சயதார்த்தத்தன்று நூறு பேர் நடுவில் மாப்பிள்ளையிடம் ரெண்டு வார்த்தை பேசினாள். அதோடு சரி, மற்றதெல்லாம் செல்போனில் எழுத்துதான். உண்மை தெரிந்தால் வேண்டாம் என்பாரோ என்று பெண்ணுக்குத் தூக்கமே போச்சு. கல்யாணத்துக்குள்ள லேசர் வெச்சுச் சரி பண்ணிடலாம்னு கண் டாக்டரம்மாகிட்ட போனோம். 'லென்ஸ் அழுத்திக் கருவிழியோட வடிவமே மாறியிருக்கும், ரெண்டு வாரம் கழட்டி வெச்சுட்டு வாங்க, அப்பதான் நிஜ அளவு தெரியும்'னாங்க. இவ கண்ணாடியும் போட மாட்டேன்னுட்டா, வழியில மாப்பிள்ளை வீட்டார் யாராவது பார்த்துட்டா? ரெண்டு வாரம் கழிச்சு கையைப் பிடிச்சுத்தான் கூட்டிட்டுப் போனேன்.

அங்க ஒரு மெஷின்ல தாடையை வைக்கச் சொல்லி, இமைக்காதேன்னு அதட்டி அளவெடுத்தாங்க. இத்தனை வருஷம் தையல்கடை வெச்சிருக்கேன், ஒரு கஸ்டமரையாவது இமைக்காதேன்னு சொல்லியிருப்பேனா? கண்ணு முன்னுக்கும் பின்னுக்கும் நீளம் கூடுதலாம், அதனாலதான் தூரத்துல இருக்கறது தெரியலையாம். 'கூடுதல்னா மடிச்சுத் தைக்கக்கூடாதா'ன்னு கேட்டேன். 'நீளத்துல கை வைக்க முடியாதுய்யா, முன்னாடி கருவிழியைச் செதுக்கித் தட்டையாக்குவோம். உங்க பொண்ணுக்கு அது ரொம்ப மெல்லிசு, தொடவே கூடாது'ன்னுட்டாங்க. மெல்லிசுத் துணியில கண்டபடி கத்திரி வைக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? அவதான் அழுதா.

இதுக்கு நடுவுல, சிவனேன்னு இருந்த என் கண்ணுலயும் நர்ஸம்மா சொட்டு மருந்தை விட்டுட்டாங்க. எல்லாம் ஒரே கலங்கல். தடவித் தடவி வெளிய வந்தா, நம்ம பொண்ணு எவனோ ஒரு பயலோட சிரிச்சுப் பேசிட்டிருக்கா! அவனும் லென்ஸைக் கழட்டிட்டு அளவெடுக்க வந்தவனாம். டோக்கன் போர்டுல என்ன நம்பர்னு அவன் கேட்க, எனக்கும் தெரியலைன்னு இவ சொல்ல, அப்படியே பேச்சு வளர்ந்திருக்கு. கதையெல்லாம் கொட்டியிருக்கா. 'கண்ணாடி போட்டா என்னங்க இப்ப?'ன்னானாம். 'அப்பா, இவர்கிட்ட பயமில்லாம பேச முடியுது, அந்தக் கல்யாணம் வேண்டாம்'கிறா. எனக்கு வந்ததே கோபம்! 'கண்ணு தெரியாத பயலே, நிச்சயமான பொண்ணுகிட்ட என்னடா பேச்சு'ன்னு கத்தினேன். பாதி தூணைப் பார்த்துத்தான் கத்தியிருப்பேன்.

அவ பிடிச்ச பிடியை விடலை. தாங்கள் ஆரம்பித்ததைத் தாங்களே முடித்து வைக்கவும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
தலை குனிந்து நிற்கும் தங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டப் போறேன், வாசல் மணி அடிக்குது. சோடாபுட்டிக் கண்ணாடியோட மாப்பிள்ளை! 'மன்னிச்சுடுங்க மாமா, நானும் கண்ணாடிதான், உங்க மச்சான்தான் சொல்ல வேண்டாம்னார். ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணைப் பார்த்தேன்... இந்தக் கல்யாணம் வேண்டாம்'னு இழுக்கறார். குரலைக் கேட்டு நம்ம பொண்ணு தன் சோடாபுட்டியோட ஓடி வந்தா. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தாங்க பாருங்க! அவ சிரிக்கறா, அழறா. மேலே எழுதினதை மறந்துடுங்க, கல்யாணம் உண்டு. 'அன்னிக்குத் தூணைத் திட்டினது நீங்கதானே மாமா?'ன்னார். 'இல்லவே இல்லை மாப்பிள்ளை'ன்னேன். உங்களை மாதிரி எனக்குப் பொய் சரளமா வரலை மச்சான். ரெண்டு பேரும் கண்ணாடியை நல்லாத் துடைச்சுப் போட்டுக்கிட்டு என் முகத்தையே பார்க்கறாங்க.