பச்சை டேப் ஒட்டிய நாற்காலி

எண்ணெய் காய்ந்து புகைய ஆரம்பித்துவிட்டது. பாண்டிசெல்விக்குக் கடுகு கிடைக்கவில்லை.

அலமாரியில் பதினாறு எவர்சில்வர் டப்பாக்கள். நேற்று வரை கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள். இன்றைக்கு எல்லாம் இடம் மாறியிருந்தன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளை டேப், அதன் மேல் நீல மையில் என்னவோ கிறுக்கல். மூன்றைத் திறந்து பார்த்தாள். ரவை, வெந்தயம், சோப்புத்தூள். சோப்புத்தூள் சமையல் அலமாரிக்கு எப்படி வந்தது என்று கேட்க நேரமில்லை. அடுப்பை அணைத்தாள்.

"இதுல எது கடுகு?"

"மொஸ்தாசான்னு எழுதியிருக்கும் பாரு" என்றான் புருஷன் தனுஷ்கோடி, கூடத்திலிருந்து.

"கடுகுன்னு எழுதுனா கடுகு கோவிச்சுக்கிடுமா?"

அவன் கவலை அவனுக்கு.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்றில் அவன் பேக்கிங் சூப்பர்வைசர். ஒன்பது வருஷமாக முதலாளி சுந்தரபாண்டியன் அவனை யாருக்கு அறிமுகப்படுத்தினாலும், "நம்ம தனுஷ்கோடி, ஸ்பானிஷ் தெரிஞ்ச ஆளு" என்றுதான் சொல்வார். ராஜபாளையத்தில் ஸ்பானிஷ் தெரிந்து என்ன, தெரியாமல் என்ன? இத்தனை நாளும் அதனால் ஒரு சேதமும் வந்ததில்லை.

அது ஒரு ஜெராக்ஸ் கடை செய்த வேலை. அன்று விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். கடையில் நின்றவர்களை எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு, முந்திக்கொண்டு போய் பயோடேட்டா அடிக்கச் சொன்னான். அங்கிருந்த பெண் அவசரத்துக்கு, திரையில் ஏற்கெனவே திறந்திருந்த யாருடைய பயோடேட்டாவிலோ பெயரையும் படிப்பையும் முகவரியையும் மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டாள். 'தெரிந்த மொழிகள்: தமிழ், ஆங்கிலம், ஸ்பானிஷ்' என்ற வரி அப்படியே தங்கிவிட்டது. தனுஷ்கோடி அதைக் கவனித்தபோது வேலை கிடைத்திருந்தது. அந்த வரிக்காகத்தான் எடுத்தேன் என்று முதலாளி சொன்னார். அதற்கு மேல் இல்லை என்று சொல்ல வாய் வருமா?

இப்போது பெரு நாட்டிலிருந்து எலெனா அம்மாள் நேரில் வருகிறார். கம்பெனியின் பெரிய வாடிக்கையாளர். ஸ்பானிஷ்தான் பேச்சு, ஆங்கிலம் அரைகுறை. ஐப்பசியில் வரவு. இது ஆனி. அந்த அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஏற்றுமதிப் பிரிவுக்கே தனுஷ்கோடிதான் மேனேஜர் என்றார் முதலாளி. இல்லாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. ஆனால் பேசும்போது அந்தப் பழைய பயோடேட்டாவை எடுத்து மேசை மேல் வைத்திருந்தார்.

தனுஷ்கோடி செல்போனில் பாடம் இறக்கினான். முதல் நிலை பத்து நாளில் முடிந்தது. 'நான் ஆப்பிள் சாப்பிடுகிறேன்', 'பெண் பால் குடிக்கிறாள்'. இதை வைத்துக்கொண்டு பேண்டேஜ் விற்க முடியாது. இரண்டாம் நிலையில் அன்றாடச் சொற்கள் எழுநூறு, அன்றாடப் பேச்சு நூறு. வீட்டில் கண்ணில் படுகிற பொருளில் எல்லாம் அதன் பெயரை எழுதி ஒட்டுங்கள், சொல் தானாக மனதில் ஏறும் என்று பாடம் சொன்னது. டேப்புக்கு அவனிடம் பஞ்சமா?

"ஏறுறது ஏறட்டும். ஒங்க கம்பெனியில வச்சு ஏத்துங்க. என் அடுப்படியில ஒரு டேப்பு இருக்கக் கூடாது" என்று தீர்ப்புச் சொன்னாள் பாண்டிசெல்வி.

மறுநாள் காலை ஆறரைக்கே கம்பெனிக்குப் போனான். வாட்ச்மேன் ஐயாதுரை கேட்டைத் திறந்துவிட்டார். வயசில் பெரியவர். கப்பலில் சமையல் வேலை பார்த்துவிட்டுக் கரை ஒதுங்கியவர். கேட்டால்தான் பேசுவார், கேட்பார் யாருமில்லை. தனுஷ்கோடி பேக்கிங் செக்ஷனில் கதவு, மேசை, தராசு, கத்தரிக்கோல், துடைப்பம், சுவர்க் கடிகாரம் என்று ஒன்று விடாமல் எழுதி ஒட்டினான். மேசைக்கு ஸ்பானிஷிலும் மேசாதான் என்று தெரிந்தபோது, ஒரு வார்த்தை இனாமாகக் கிடைத்த சந்தோஷத்தில் அவனுக்கு இந்தப் பாஷையே சொந்தக்கார பாஷை போலத் தோன்றியது.

எட்டு மணிக்கு வந்த நாற்பது பேரும் உள்ளே போகாமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

பேக்கிங் செக்ஷனில் எழுத்தை யாரும் படிப்பதில்லை, நிறத்தைத்தான் படிப்பார்கள். வெள்ளை டேப் ஒட்டியிருந்தால் ரிஜெக்ட், தொடக் கூடாது. பச்சை டேப் ஒட்டியிருந்தால் பாஸ், வண்டியில் ஏற்ற வேண்டும். எட்டு வருஷத்துக்கு முன்னால் இந்த வழக்கத்தைக் கொண்டுவந்து, மீறினால் சம்பளம் பிடிப்பேன் என்று மிரட்டியும் வைத்த புண்ணியவான் தனுஷ்கோடிதான்.

பத்து மணிக்கு வந்த முதலாளி, ஏன் எல்லாரும் வெளியே இருக்கிறீர்கள் என்று கேட்டார். லோடிங் மேஸ்திரி முத்துப்பாண்டி எழுந்து நின்றான்.

"கதவு ரிஜெக்ட் ஆயிருக்கு மொதலாளி."

"கதவா?"

"மேசை, தராசு, கடியாரம் எல்லாமே ரிஜெக்ட். எதைத் தொட்டு வேலை பாக்க?"

முதலாளி தனுஷ்கோடியைப் பார்த்தார். வருகிற விருந்தாளி தன் பாஷையிலேயே எல்லாவற்றையும் படிக்கட்டுமே என்றுதான் ஒட்டினேன் என்று அவன் சமாளித்தான். முதலாளிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நல்ல யோசனை, ஆனால் வேறு நிறத்தில் ஒட்டு என்று சொல்லிவிட்டுப் போனார். ஸ்டோரில் இருந்த வேறு நிறம் ஒன்றே ஒன்றுதான்.

அன்றே வெள்ளையைக் கிழித்துப் பச்சையை ஒட்டினான். லோடு ஏற்றுகிற நாளில்தானே வில்லங்கம், அதற்குள் சொற்களை மனப்பாடம் செய்து கிழித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தான். ஞாபகசக்தி கூடித்தான் வந்தது. கேட்டில் ஒட்டியது தப்பு என்று மாலையில் உறைத்து, காலையில் மாற்றலாம் என்று வந்தால், அங்கே சரியான சொல்லே ஒட்டியிருந்தது. தன்னை அறியாமலே சரியாக எழுதுகிற அளவுக்குத் தேறிவிட்டோம் என்று அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வேகத்தில் முதலாளி அறைக்குள்ளும் போய், அவருடைய அப்பா காலத்துத் தேக்கு நாற்காலியிலும் 'சீயா' என்று எழுதி ஒட்டினான்.

ஆடிப்பூரம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்குப் புறப்பட்ட முதலாளி, தனுஷ்கோடியையும் காரில் ஏற்றிக்கொண்டார். தேர் பார்க்க வந்திருந்த தெரிந்தவர்களுக்கெல்லாம் ஸ்பானிஷ் தெரிந்த ஆளைக் காட்ட வேண்டாமா? எம்புட்டு பாஷை தெரியும் தம்பிக்கு என்று பெரியவர்கள் விசாரிக்க, அவனும் நெளிந்துகொண்டே நின்றான். பெருவுக்குப் போகிற கண்டெய்னர் அன்றுதான் வருகிறது என்பது ரத வீதி நடுவில், ஆயிரம் பேர் வடம் இழுக்கும்போது ஞாபகம் வந்தது.

அவன் அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தபோது மணி நாலு. பேக்கிங் செக்ஷன் கல்யாணம் முடிந்த மண்டபம் போல வெறிச்சென்று கிடந்தது.

"பச்சை ஒட்டியிருந்த அம்புட்டையும் ஏத்தியாச்சு சார்" என்றான் முத்துப்பாண்டி, பாராட்டை எதிர்பார்த்து. "ஒண்ணு விடல. கதவைத்தான் கழட்ட முடியல."

"நாற்காலி?"

"அதைத்தான் மொதல்ல ஏத்துனோம். கனமான சாமான்லா."

கண்டெய்னர் சீல் வைத்து, தூத்துக்குடி துறைமுகத்துக்குள் போயிருந்தது. பதினெட்டுப் பொருள். தனுஷ்கோடி முதலாளியிடம் சொல்லலாம் என்று மூன்று தடவை அறை வாசல் வரை போனான். உள்ளே அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எடுத்தவன் கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்று போனில் யாருக்கோ விவரித்துக்கொண்டிருந்தார். மூன்று தடவையும் திரும்பி வந்துவிட்டான். முதலாளி ஐயாதுரையைக் கூப்பிட்டு விசாரித்தபோது அவர், யாரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போகவில்லை என்றார். அது சத்தியமான வார்த்தை. லாரியில்தான் போனது.

அதன் பிறகு அவன் படித்த படிப்பு பரீட்சைக்குப் படித்ததில்லை, உயிருக்குப் படித்தது. புரட்டாசி முடிவதற்குள் அன்றாடச் சொல் எழுநூறும் தலைகீழ்ப் பாடம். வாய் திறந்து பேசத்தான் வரவில்லை. எதிராளி வேகமாகப் பேசினால் முதல் வார்த்தையைப் பிடிப்பதற்குள் ஏழாவது வார்த்தை ஓடிவிடும். ஒரு நாள் அழாத குறையாகப் பாண்டிசெல்வியிடம் சொன்னான்.

அவள் அப்போதுதான் தளவாய்புரத்துத் தங்கச்சி மாரிக்கனியிடம் ஒரு மணி நேரம் போன் பேசி முடித்திருந்தாள்.

"நான் இவ்வளவு நேரம் என்ன பேசினேன்னு கவனிச்சீகளா? 'ஆமாமா', 'ஐயோ பாவம்', 'அப்படியா'. வேற ஒரு வார்த்தை சொல்லல. அவளுக்கு மனசு நெறஞ்சு போச்சு. இந்த மூணுக்கும் ஒங்க பாஷையில என்னன்னு பாருங்க. பொறவு சாப்பிட்டாச்சா, அம்மா சொகமா இருக்காகளான்னு கேளுங்க. ஊர் விட்டு ஊர் வந்த பொம்பளைக்கு இதை விட என்ன வேணும்?"

கிளாரோ. கே பேனா. தே வெர்தாத். தனுஷ்கோடி எழுதிக்கொண்டான்.

ஐப்பசி மழையில் எலெனா அம்மாள் வந்து இறங்கினார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கனத்த உடம்பு, களைத்த முகம். மாலையை வாங்கிக்கொண்டவர் சிரிக்கவில்லை. நேரே அறைக்குள் வந்து, கைப்பையிலிருந்து செல்போனை எடுத்து, ஒரு படத்தை முதலாளி முகத்துக்கு நேரே நீட்டினார்.

லிமாவில் அவருடைய குடோன். நடுவில் தேக்கு நாற்காலி. அதில் ஒரு கிழவர் கையில் துடைப்பத்தோடு ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார். பின்னால் சுவரில் கடிகாரம். எல்லாவற்றிலும் பச்சை டேப்.

முதலாளிக்கு அப்பா நாற்காலியை அடையாளம் தெரிந்தது. யார் செய்தது இது என்று எலெனா அம்மாள் ஆங்கிலத்தில் கேட்டார். வாசலில் நின்ற முத்துப்பாண்டி, கேள்வி புரிந்தவன் போல, பளிச்சென்று தனுஷ்கோடியைக் காட்டினான்.

ஒன்பது வருஷம் ஒரு நிமிஷத்தில் முடியப் போகிறது. தனுஷ்கோடி பாண்டிசெல்வியை நினைத்துக்கொண்டான். பிறகு, எப்படியும் போகிறது, படித்த பாவத்துக்கு ஒரு வாக்கியமாவது பேசிவிட்டுப் போவோம் என்று, ஸ்பானிஷில் கேட்டான்.

"வாங்கம்மா. மழையில களைச்சு வந்திருக்கீக. சாப்பிட்டீகளா? அம்மா சொகமா இருக்காகளா?"

எலெனா அம்மாள் நீட்டிய செல்போனைத் தாழ்த்தினார். பிறகு பொலபொலவென்று கண்ணீர். அப்படியே உட்கார்ந்து பேச ஆரம்பித்தவர் இருபது நிமிஷம் நிறுத்தவில்லை. தனுஷ்கோடிக்குப் பிடிபட்டது அம்மா, முழங்கால், விமானம், காரம், வயிறு, அவ்வளவுதான். அவன் கண்ணைப் பார்த்தபடி கிளாரோ என்றான். முழங்கால் வந்த இடத்தில் கே பேனா என்றான். வயிறு வந்த இடத்தில் தே வெர்தாத் என்றான். ஒரு இடத்திலும் தப்பவில்லை. முதலாளி வைத்த ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை அந்த அம்மாள் சந்தேகமாகப் பார்த்தபோது, பால், இனிப்பு என்று இரண்டு அன்றாடச் சொல்லை ஒட்டவைத்துச் சொன்னான். எங்கள் ஊரிலும் இதே பண்டம் உண்டு என்று அவர் பால்கோவாவைக் காலி செய்தார்.

பிறகு தன் அரைகுறை ஆங்கிலத்தில் முதலாளிக்கு விளக்கினார். இருபது வருஷமாகப் பல நாட்டிலிருந்து சரக்கு எடுக்கிறார். எல்லாப் பெட்டியிலும் ஆங்கிலம். அவருடைய தொழிலாளிகளுக்கு அது தெரியாது. அவர்கள் பாஷையில் பேசிக்கொண்டு வந்து இறங்கிய முதல் கண்டெய்னர் இதுதானாம். இனி எல்லாப் பெட்டியிலும் இப்படியே ஒட்ட வேண்டும், ஆர்டர் மூன்று மடங்கு. நாற்காலி மட்டும் திரும்ப வராது, கிழவர் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்.

"பச்சையில ஒட்டச் சொன்னதே நான்தான்" என்றார் முதலாளி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்கப்பா பெரு வரைக்கும் போய் உக்காந்துட்டாரு."

எல்லாருக்கும் முன்னால் தனுஷ்கோடியின் தோளைத் தட்டி, ஏற்றுமதி மேனேஜர் என்று அறிவித்தார். நாற்பது பேரும் கை தட்டினார்கள். தனுஷ்கோடிக்கு நெஞ்சு விம்மிக்கொண்டு வந்தது. பொய்யாக வந்த ஒரு வரியை, நாலு மாதம் பாடுபட்டு மெய்யாக்கிவிட்டான். இனி யார் கேட்டாலும் நெளிய வேண்டாம்.

எலெனா அம்மாளின் கார் புறப்பட்டது. கேட்டில் போய் நின்றது. நின்றது நகரவே இல்லை.

என்னவோ ஏதோ என்று தனுஷ்கோடி குடையோடு ஓடினான். கார்க் கண்ணாடி இறங்கியிருந்தது. ஐயாதுரை மழையில் நனைந்தபடி ஜன்னலில் கை ஊன்றி, படபடவென்று ஸ்பானிஷ் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். கையாட்டிவிட்டுக் கார் போன பிறகும் தனுஷ்கோடிக்கு வாய் மூடவில்லை.

"ஐயா, ஒங்களுக்கு எப்படி..."

"ஸ்பெயின்காரன் கப்பல்ல பன்னெண்டு வருசம் சமைச்சேன் சார்."

"அப்ப இந்தக் கேட்டு டேப்பு?"

"ஜன்னல்னு எழுதிட்டுப் போயிருந்தீக. மனசு கேக்கல."

"மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த வேலை ஒங்களுக்குத்தானே வந்திருக்கும்? பயோடேட்டாவுல எழுதலையா நீங்க?"

ஐயாதுரை கேட்டை இழுத்துச் சாத்தினார்.

"ஜெராக்ஸ் கடையில கடைசி நாளுன்னு எல்லாரையும் கும்பிட்டீகளே சார், 'என்னுதை அழிச்சுட்டு மொதல்ல அவருக்கு அடிச்சுக் குடு தாயி'ன்னு சொன்னதே நான்தான்."