அகத்திக்கீரையும் ஆராயியின் கார்டும்

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.

அன்பு மைத்துனர் விமல்ராஜ் அவர்களுக்கு, மாமா கோதண்டராமன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அக்கா ஆதிலட்சுமியும் சுகம். என் முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் தகவல் சொல்கிறது. சென்னையில் நீங்களும், குழந்தைகளும், உங்கள் அறக்கட்டளையும் நலமாக இருக்க அண்ணாமலையார் அருள வேண்டும்.

போன பொங்கலுக்கு வந்திருந்தபோது, கையில் வடையை வைத்துக்கொண்டு நீங்கள் என்னை ஒரு கேள்வி கேட்டீர்கள். "மாமா, இந்த ஜனங்க ஏன் கீரையே சாப்பிட மாட்டேங்கறாங்க?" முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் கேள்வி கேட்டே பழகிய எனக்கு உடனே பதில் வரவில்லை. இப்போது கொஞ்சம் வந்திருக்கிறது. பதிலோடு ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. ஆராயியின் கார்டை ரத்து செய்யாதீர்கள்.

ரேஷன் கார்டு வைத்திருக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு வாரம் மூன்று கட்டு கீரை இலவசம், வாங்கும்போதெல்லாம் கீரைக் கார்டில் ஒரு முத்திரை, பத்து முத்திரை சேர்ந்தால் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் பரிசு என்று நீங்கள் திட்டம் போட்டது நல்ல மனதோடுதான். முத்திரை குத்தும் பொறுப்பை எனக்குக் கொடுத்தீர்கள், நானும் ஓய்வுபெற்ற கைக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் குத்து குத்தென்று குத்தினேன், மாவட்டத்திலேயே எங்கள் தெருதான் அதிகம் கீரை சாப்பிடுகிறது என்று நீங்கள் பாராட்டி மடலும் அனுப்பினீர்கள், அதை உங்கள் அக்கா சட்டம் போட்டு மாட்டிவிட்டாள். ஆனால் சத்துப் பட்டியலைப் பார்த்து நீங்கள் தேர்ந்தெடுத்தது அகத்திக்கீரை. இந்த ஊரில் அகத்திக்கீரைக் கட்டைக் கையில் கொடுத்தால், குழந்தைகூட அதை எடுத்துக்கொண்டு போய்ப் பசுவின் வாயில்தான் வைக்கும். மலை சுற்ற வருகிறவர்கள் புண்ணியத்துக்காக மாட்டுக்கு வாங்கிக் கொடுக்கும் கீரை அது.

ஆராயி செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் பாத்திரம் தேய்க்கிறாள். மகள் சினேகா பதினொன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துப் பிரேயரில் மயங்கி விழுந்த பிள்ளை. ரத்தம் எட்டுதான் இருக்கிறது என்று டாக்டர் சொன்னபின் நான்தான் ஆராயிக்கு உங்கள் கீரைக் கார்டு வாங்கிக் கொடுத்தேன். போன பௌர்ணமி இரவு, அறக்கட்டளையின் ஆண்டு மலருக்குப் படம் பிடிக்க வந்த உங்கள் மேற்பார்வையாளர் சுரேஷ்குமாரோடு நானும் கிரிவலப் பாதையில் நடந்தேன். அங்கே ஆராயி, சாக்கு விரித்து, உங்கள் அறக்கட்டளையின் பச்சை நாடா கட்டிய கீரைக் கட்டுகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா இது, சாப்பிடக் குடுத்த கீரையை விக்கிற?" என்றார் சுரேஷ்குமார்.

"சாப்பிடத்தான் சார் போவுது. அதோ, மாடு சாப்பிடுது பாருங்க."

"மாட்டுக்கு ரேஷன் கார்டு இருக்குதா?"

"இல்ல சார். இருந்திருந்தா வாத்தியார் அதுக்கும் சீல் குத்தியிருப்பாரு."

நான் மலையைப் பார்த்துக்கொண்டேன். பிறகு ஆராயி என்னிடம்தான் சொன்னாள்: "கோச்சிக்காதீங்க சார். காலைல ஆறுக்குப் போனா ராத்திரி ஏழுக்குத்தான் வீட்டுக்கு வர்றேன். அதுக்கு மேல ஒவ்வொரு எலையா ஆஞ்சி, வேக வெச்சிக் குடுத்தா, கசக்குதுன்னு துப்புறா. மருந்து சாப்பிடறப்ப அகத்தி ஆகாதுன்னு வேற சொல்றாங்க. இதை வித்து முட்டையும் கேரட்டும் வாங்கறேன். தட்டுல ஒண்ணும் மிஞ்சறதில்ல."

நானும் மறுநாள் ஒரு கட்டை எடுத்து ஆய்ந்து பார்த்தேன். ஓய்வூதியக்காரனாகிய எனக்கே முக்கால் மணி நேரம் பிடித்தது. பொரியலில் தேங்காய் ஜாஸ்தி போட்டும் கசப்பு கம்மியாகவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை வேறு வழியில் கணக்குப் போட்டு விடையைச் சரியாக எழுதியிருந்தால் நாம் முட்டை போடுவதில்லை. சினேகாவுக்கு இப்போது ரத்தம் பத்தரை. விடை சரிதானே? வழியை மட்டும் மாற்றுங்கள். எந்தக் காய், முட்டை, பயறு வேண்டுமானாலும் அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். கீரை கொடுக்கும் கடை இரவு எட்டு வரை திறந்திருக்கட்டும். அவளுக்கு இந்த விற்கிற யோசனை எப்படித் தோன்றியது என்று எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில், ஒரே ஒருமுறை நடந்த பிசகு. இனி நடக்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்று உறுதி கூறுகிறேன்.

வீட்டில் அருணாதேவிக்கு எங்கள் அன்பு. குழந்தைகள் பல்லும் படிப்பும் உறுதியாக வளர எங்கள் ஆசி.

இப்படிக்கு,
கோதண்டராமன்

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் உங்கள் அக்கா இதை வாங்கிப் படித்துவிட்டு, "வாத்தியாரு பொய் எழுதலாமா?" என்று கேட்டாள். ஆகவே அன்புக்கும் ஆசிக்கும் முன்னால் இருக்கும் மூன்று வரிகளை அடித்துவிடுங்கள். விற்கிற யோசனை சொன்னது உங்கள் அக்காதான். நான்கு பௌர்ணமியாக நடக்கிறது. எட்டு வீட்டுக் கீரை. நாடாவை அவிழ்க்கச் சொல்லி நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "என் தம்பி கட்டினது, அழகா இருக்குது" என்று விட்டுவிட்டாள். அடுத்த பௌர்ணமிக்கு ஆட்டோ பேசியாகிவிட்டது. கார்டை ரத்து செய்துதான் ஆக வேண்டும் என்றால், உங்கள் அக்காவுக்கு ஒரு போன் போட்டு நீங்களே சொல்லிப் பாருங்கள்.