முறைப்படி ஓர் ஓடை

"புயலுக்கு முந்தி ஓடை எப்படி இருந்துச்சுன்னு போட்டோ வேணும் சார்" என்றார் சுற்றுச்சூழல் அலுவலகத்து கிளார்க் அம்மா.

கணக்கு வாத்தியாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஓடையை யாரும்மா போட்டோ எடுப்பாங்க?"

"எடுக்கலேன்னா, கரையை உடைச்சது புயலா, நீங்களான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையின் கரையைப் புயல் அரித்துக்கொண்டு போயிருந்தது. வாத்தியாரின் பின்சுவருக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு முழம் மண்தான் மிச்சம். பத்து நாளில் அடுத்த மழை என்று வானிலைச் செய்தி வேறு சொல்லிவிட்டது. அது பெய்தால் வீடு தாங்காது.

"நாலு மணல் மூட்டையைப் போட்டா முடிஞ்சுபோச்சு" என்று தெருவே சொன்னது. அனுமதி இல்லாமல் ஓடைக்கரையில் கைவைப்பது குற்றம் என்று வாத்தியார் தெருவுக்கே பாடம் எடுத்தார். வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதினால், சரியான விடைக்கும் முட்டை போடுகிற ஆசாமி அவர்.

வீட்டுக்கு வந்து ஆல்பங்களைப் புரட்டினார். இருபது வருடப் படங்களிலும் ஓடை இருக்க வேண்டிய இடத்தில் மனைவி நின்றாள்.

"கொஞ்சம் தள்ளி நின்னிருக்கக் கூடாதா?"

"ஓடையை மறைக்கிறேன்னு அப்பச் சொன்னீங்களா? சிரி சிரின்னுதானே சொன்னீங்க!"

ஒரே ஒரு படத்தில் மட்டும் ஓடை பளிச்சென்று தெரிந்தது. மறுநாள் அதை நீட்டினார். கிளார்க் அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது யாரு?"

"எங்க வீட்டுல."

"கையில என்ன வாளி?"

அப்போதுதான் வாத்தியாரும் பார்த்தார். வாளியிலிருந்து புறப்பட்ட காய்கறித் தோலெல்லாம் ஓடைக்குப் போகிற பாதி வழியில் அந்தரத்தில் நின்றன.

நீர்நிலையில் குப்பை கொட்டியதாக மனைவி பேரில் ஒரு நோட்டீஸோடு வீடு திரும்பினார். அன்றைய குழம்பில் உப்பு இல்லை. கேட்கிற தைரியம் அவருக்கும் இல்லை.

அடுத்த நாள் மனைவியின் மானத்தைக் காப்பாற்றக் கிளம்பினார்.

"எங்க ஓடை அவ்வளவு சுத்தம்மா! தவளையெல்லாம் குடும்பம் குட்டியோட இருக்குன்னா பாத்துக்குங்களேன்."

கிளார்க் அம்மாவின் பேனா நின்றது. "தவளை இருக்கா?"

"ஏகப்பட்டது!"

"அப்பக் கணக்கெடுப்பு நடத்தணும். இருபது நாளாகும். அதுவரைக்கும் கரைப்பக்கம் யாரும் கால் வைக்கக் கூடாது."

வாத்தியாருக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்கோ எட்டே நாள்.

"தவளைதான் தன் வாயால கெடும்பாங்க" என்றாள் மனைவி. "இங்க தவளை சும்மா இருந்துச்சு. நீங்க கத்திட்டு வந்திருக்கீங்க."

மறுநாள் கவுண்டரில் அழாத குறையாக நின்றவரைப் பார்த்துக் கிளார்க் அம்மாவுக்கே மனசு கேட்கவில்லை.

"ஒரு வழி இருக்கு சார். புதுசா எதுவும் கட்டாம, அரசாங்க வரைபடத்துல இருக்கற ஆதி நிலைக்கே ஓடையைக் கொண்டுவர்றதா இருந்தா, கணக்கெடுப்பு வேண்டாம். மூணே நாள்ல அனுமதி. மெஷினும் நாங்களே அனுப்பிடுவோம்."

"அது போதும்மா!"

ஆவண அறையில் அரை நாள் தூசி தின்று, அறுபது வருடத்துக்கு முந்தைய வரைபடத்தை முத்திரையிட்ட உறையில் வாங்கினார். 'பிரித்தால் செல்லாது' என்று உறைமேல் எழுதியிருந்தது. பிரிப்பாரா அவர்? அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தார். விண்ணப்பத்தையும் குண்டு குண்டாக எழுதினார்: 'ஓடையை அதன் ஆதி நிலைக்கே, ஓர் அங்குலமும் பிசகாமல் மீட்டுத் தர வேண்டுகிறேன்.' கரையில் சாய்ந்து கிடந்த மரம் ஞாபகம் வரவே, இன்னொரு வரியும் சேர்த்து அடிக்கோடிட்டார்: 'குறுக்கே எது இருந்தாலும் அகற்ற முழுச் சம்மதம்.'

"இவ்வளவு தெளிவா யாருமே எழுதினதில்ல சார்" என்று கிளார்க் அம்மா நெகிழ்ந்துபோனார்.

சொன்னபடி மூன்றாம் நாள் காலையில் அனுமதியும் வந்தது, மண்வெட்டும் இயந்திரமும் வந்தது. மழைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. வீடு பிழைத்தது என்று வாத்தியாருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மணல் மூட்டை சொன்ன தெருக்காரர்களை ஒரு பார்வை பார்த்தார்.

இயந்திர ஓட்டுநர் இறங்கி வரைபடத்தை விரித்தார். படத்தைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், வாசலிலிருந்து பத்தடி எண்ணி நடந்து, மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"முன்னாடி என்னப்பா பாக்குற? ஓடை பின்னாடி இருக்கு" என்றார் வாத்தியார்.

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார்.

"அது ஓடை ஒதுங்கிப்போன இடம் சார், படத்துல அது உங்க வாசல்ல நுழைஞ்சு சமையக்கட்டு வழியாத்தான் வெளிய போகுது, உள்ள இருக்கற அம்மாவைக் கொஞ்சம் வெளிய வரச் சொல்றீங்களா?"