தேத்தண்ணி குடிக்க நின்ற உழவு மெசின்

உழவு மெசின் பத்து நிமிடம் ஓடியது. நின்றது. திங்கட்கிழமை அதுதான் நடந்தது. செவ்வாய்க்கிழமையும் அதேதான். புதன்கிழமை அது பதினொரு தரம் நடந்தது.

கோணாமலை அதன் இரும்புச் சக்கரத்துக்கு ஓர் உதை விட்டார். சக்கரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் பெருவிரல் வீங்கியது. அதற்கும் மெசினைத்தான் ஏசினார். பிறகு யப்பான்காரனை ஏசினார். ஒன்றரை வருடத்துக்கு முன் அவன் வந்து திருகோணமலையில் குண்டு போட்டிராவிட்டால் மெசினை ஒளிக்க வைக்கோல் மால் கொட்டிலுக்குள் தள்ளியிருக்கத் தேவையில்லை. தள்ளியிராவிட்டால் அதன் இருக்கையில் கோழி அடை கிடந்திராது, எலி வயரைத் தின்றிராது. சீனன்குடாவில் கிளம்பிய பிளேன் ஒன்று தலைக்கு மேலால் இரைந்துகொண்டு போனது.

"ஓம், நீ மட்டும் நிக்காமல் போ!" என்று அதையும் ஏசினார்.

ஐப்பசி பிறந்துவிட்டது. மழை எந்த நாளும் விழலாம். தம்பலகாமத்து வயல் ஆறு ஏக்கரும் உழாமல் கிடந்தது.

வயல் கோணாமலையுடையது அல்ல. அவருடைய மனைவி பூரணத்தின் சீதனம். ஆனால் வயலை நடத்துவது ஆம்பிளை வேலை என்று இரண்டு ஆம்பிளைகள் நினைத்தார்கள். ஒருவர் கோணாமலை. மற்றவர் பூரணத்தின் தமையன், மூதூர் ஞானசேகரம். முந்தின போகம் ஞானசேகரம் நடத்தினார். நெல்லெல்லாம் தோணியேறி மூதூருக்குப் போனது. திரும்பி வந்தவை வெறும் சாக்குகள். போன போகம் கோணாமலை நடத்தினார். சண்டைக் காலத்துக்கு இதுதான் சரி என்று வயலில் மரவள்ளி நட்டார். பாதி தண்ணீரில் அழுகியது. மீதியைப் பன்றி தின்றது. இரண்டு வருடமாகப் பூரணம் தன் சொந்த வயல் இருக்கக் கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்றாள். அந்தக் கோபம் அவளுக்குக் குறையவில்லை. குறைய வேண்டிய கோபமும் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை ஞானசேகரம் வந்து கதிரையில் காலை நீட்டி இருந்துகொண்டு கதையைத் தொடக்கினார்.

"மச்சான், உந்த மெசின் மழைக்கு முன்னம் ஓடாது. வயலை என்னட்டை விடும்."

"ஏன் ஓடாது? வெள்ளிக்கிழமைக்குள்ள ஓட்டிக் காட்டிறன்!"

"தள்ளிவிட்டா வண்டிலும் ஓடும். ஒரு மணித்தியாலம் நிக்காமல் ஓடவேணும்."

"ஓடும்!"

"அப்ப இப்பிடிச் செய்வம். நானும் கிண்ணியாவில இருந்து மெசின் திருத்திற ஒரு பிற்றரைக் கொண்டாறன். வெள்ளிக்கிழமைக்குள்ள மெசினை ஆர் திருத்தினமோ, அவையின்ர கையில இந்தப் போகம் வயல்."

பூரணம் குசினி வாசலில் வந்து நின்றாள். கையில் பாதித் தேங்காய்.

"ஆர் திருத்தினாலுமோ?"

"ஓம், ஆர் திருத்தினாலும்," என்றார் தமையன்.

"ஆர் திருத்தினாலும்!" என்றார் புருசன், அதைவிடப் பெரிய குரலில்.

அவளுடைய வயல். வேண்டுமா வேண்டாமா என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. அவள் உள்ளே போய்விட்டாள். துருவலையின் சத்தம் மட்டும் தெரு வரைக்கும் கேட்டது.

திங்கட்கிழமை காலையில் கோணாமலை ஒரு கட்டளை போட்டார். பொம்பிளையள் ஒருத்தரும் மெசினுக்குக் கிட்ட வரப்படாது. இந்த வீட்டில் பொம்பிளையள் என்றால் பூரணம் ஒருத்திதான். கோழிகளை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

புதன்கிழமைதான் பொய் சொல்லத் தொடங்கினார். மெசின் நிற்கும். இவர் கையைத் துடைத்துக்கொண்டு குசினிக்கு வருவார்.

"ஏன் சத்தம் நிண்டுபோச்சு?"

"நிண்டுபோகேல்லை. நான் நிப்பாட்டினனான்."

"ஏன்?"

"தேத்தண்ணி குடிக்க."

பத்து நிமிடம் கழித்துத் திரும்பவும் வருவார்.

"இது ஆறாவது தேத்தண்ணி."

"வெயில்."

"வெயிலோ? மழை இருட்டிக்கொண்டு நிக்குது."

"அப்ப குளிருக்கு! ஊத்து!"

பதினோராவது தேத்தண்ணிக்கு அவள் கோப்பையை டக்கென்று வைத்தாள்.

"ரின்பால் தகரம் வெறுமையாப் போச்சு. இனி உப்புத்தான்."

அந்தக் கோப்பைக்கு உப்புத்தான் போட்டாள். குடித்தார். ஆம்பிளை அல்லவா, குடித்து முடித்தார்.

"இஞ்சேருங்கோ, ஒண்டு கேக்கட்டோ?"

"கேக்காதை."

"எண்ணெய் கிடக்கோ எண்டு ராங்கி மூடியைத் திறந்து பாத்தா மெசின் திரும்ப ஓடுது. திறவாமல் கைபிடியைச் சுத்தினா ஓடுதில்லை. வேலியால பாத்துக்கொண்டுதான் நிக்கிறன். அது என்னத்துக்கு?"

"பூரணம்! இது மெசின். உன்ர இடியப்ப உரலில்லை!"

அவள் வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடினால் பயப்பட வேண்டும் என்பதை இருபத்திரண்டு வருடக் கலியாணத்தில் அவர் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை.

வியாழக்கிழமை முழுவதும், தீப்பொறி கிளப்பும் மக்னெட்டோவைக் கழற்றினார். பூட்டினார். ஆணி ஒன்று மிஞ்சியது. திரும்பக் கழற்றினார். பூட்டினார். இப்போது இரண்டு மிஞ்சின. இரண்டையும் கிணற்றுக்குள் எறிந்துவிட்டுப் படுத்தார்.

வெள்ளிக்கிழமை விடியப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போனார். திரும்பி வரும்போது ஞானசேகரம் வரம்பில் நின்றார். பக்கத்தில் கிண்ணியாச் சரீப், தோளில் கருவிப் பை. சீனன்குடாவில் லொறி திருத்துகிறவர். மரியாதையான மனிசன். இந்தக் குடும்பச் சண்டைக்குள் தெரியாமல் காலை வைத்துவிட்டார்.

"முதல்ல நான்!" என்று கத்திக்கொண்டு கோணாமலை கைபிடியைச் சுழற்றினார்.

மெசின் பிடித்துக்கொண்டது. தாவி ஏறினார். ஓடியது. பத்து நிமிடம் போனது. கோணாமலை கண்ணை இறுக்கி மூடினார். நிற்கவில்லை. இருபது நிமிடம். அரை மணித்தியாலம். மண் கிழிந்து புரண்டது. கொக்குகள் பின்னால் நடந்தன. பூரணம் வரம்பில் வந்து நின்று கூப்பிட்டாள்.

"தேத்தண்ணிக்கு நிப்பாட்டேல்லையோ?"

"வேண்டாம்! வேண்டவே வேண்டாம்!"

சரீப்பின் மணிக்கூட்டில் ஒரு மணித்தியாலம் தாண்டியது. கோணாமலை தன் கையாலேயே மெசினை நிறுத்திவிட்டு இறங்கினார். நெஞ்சு நாலு அங்குலம் அகன்றிருந்தது.

"பாத்தீரோ மச்சான்? மக்னெட்டோ! இந்தக் கையால திருத்தினனான். இனி வயல் பக்கம் தலை வச்சும் படுக்கக்கூடாது நீர்!"

ஞானசேகரத்தின் முகம் பழம்புளி தின்ற முகமானது. சரீப் மட்டும் மெசினைச் சுற்றி வந்தார். வேலை தெரிந்தவர்கள் சும்மா நிற்க மாட்டார்கள். முன்னம் எப்படி நின்றது என்று கேட்டார். பத்துப் பத்து நிமிடம் என்றதும் நேரே ராங்கி மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஐயா, மக்னெட்டோவில ஒரு பிழையும் இருந்திராது. இந்தா, மூடியில காத்துப் போற ஓட்டை. இதை ஆரோ தார் வச்சு அடைச்சிருக்கிறாங்க. காத்து உள்ள போகாட்டி எண்ணெய் கீழ இறங்காது. இப்ப புதுசாக் குத்தித் திறந்திருக்கு. நீங்களா குத்தினீங்க?"

"தாரோ? எந்த மடையன் தார் அடைச்சது?" என்று கோணாமலை குதித்தார்.

"நீங்கள்தான்," என்றாள் பூரணம். "குண்டு போட்ட அண்டைக்கு. மண்ணெண்ணெய் மணத்தைப் பிடிச்சுக்கொண்டு யப்பான்காரன் வந்திடுவான் எண்டு, தோணிக்குப் பூச வச்சிருந்த தாரை எடுத்து அடைச்சனீங்கள். நான் மூட்டை கட்டிக்கொண்டு ஓடத் தெருவில நிண்டனான்."

கோணாமலைக்கு ஞாபகம் வந்தது. வந்திருக்க வேண்டாம்.

"அப்ப... ஆர் குத்தினது?"

பூரணம் வரம்பில் குந்தியிருந்து விதைநெல் சாக்கைத் தைக்கத் தொடங்கினாள். சாக்கு ஊசியின் நுனி கறுத்திருந்தது.

"ரின்பால் தகரத்துக்கு ஒரு ஓட்டை போட்டாப் பால் வராது. ரெண்டு போட்டாத்தான் வரும். நாளுக்குப் பதினொரு தேத்தண்ணி போட்டவளுக்கு அது தெரியாதோ?"

"மெசினுக்குக் கிட்ட வரப்படாதெண்டு சொன்னனானல்லோ!"

"நான் மெசினுக்குக் கிட்டப் போகேல்லை. கோழியைக் கலைக்கப் போனனான். வழியில மெசின் நிண்டுது."

ஞானசேகரம் கனைத்தார். "தங்கச்சி, நாங்கள் அண்டைக்குக் கதைச்சது எங்கள் ரெண்டு பேருக்கும் இடையில..."

ஊசி நின்றது.

"ஆர் திருத்தினாலுமோ எண்டு கேட்டனான். ஓம் எண்டு ஒராள் கதிரையில சாய்ஞ்சுகொண்டு சொன்னது. ஒராள் கத்திச் சொன்னது. என்ர வயலுக்குப் பந்தயம் கட்டினனீங்கள். நான் வெண்டிட்டன். இனி மரவள்ளி நடுறேல்லை. மூதூருக்குத் தோணி விடுறேல்லை. நெல்லுத்தான். முதல் நெல்லு என்ர அடுப்புக்கு. அண்ணை, மண்வெட்டி மாலுக்குள்ள கிடக்கு, வரம்பு செதுக்குங்கோ. இஞ்சேருங்கோ, நீங்கள் மெசினில ஏறுங்கோ. மழை வருது."

இரண்டு ஆம்பிளைகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தரம் இருவருக்கும் ஒரே கோபம். அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்றுதான் தெரியவில்லை. ஞானசேகரம் வேட்டியை மடித்துக் கட்டினார். கோணாமலை பல்லை நெறித்துக்கொண்டு மெசினில் ஏறினார்.

சரீப் பையைத் தூக்கித் தோளில் போட்டார். போகிறவர் போயிருக்கலாம். நின்று கேட்டார்.

"ஐயா, மூதூரில ஒரு முதலாளிட்ட இப்பிடித்தான் ஒரு மெசின் நிண்டு நிண்டு ஓடுது. உங்கட மெசினைத் திருத்தினது ஆரெண்டு கேட்டா, ஆரைச் சொல்லட்டும்?"

கோணாமலை கைபிடியைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். முதல் மழைத்துளி மூக்கில் விழுந்தது.

"பூரணம்," என்றார்.