ஏழு ஊர் சோதனை ஓட்டம்

இந்தத் தடவை சகலையை மண்ணைக் கவ்வ வைக்காமல் ஓய்வதில்லை என்று அட்டவணையார் சபதம் எடுத்தார். சபதம் எடுத்தால் கேட்க ஆள் வேண்டுமே? சமையலறை வாசலில் போய் நின்று எடுத்தார்.

அட்டவணையார் என்பது அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. எந்த பஸ் எப்போது கிளம்பும், எந்த நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று பஸ் கம்பெனிக்கு கால அட்டவணை போட்டுக் கொடுப்பது அவர் உத்தியோகம். ஓட்டுநர்கள் கூடி வைத்த பெயர் இது. வேறு சில பெயர்களும் வைத்திருக்கிறார்கள், அவற்றை அச்சில் ஏற்ற முடியாது. அவருக்கு அதில் வருத்தமே கிடையாது. நாலு பேர் எதிர்த்தால்தான் அட்டவணை சரியாக இருக்கிறது என்று அர்த்தம், எல்லாரும் தலையாட்டினால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்பது அவர் கொள்கை. யாருமே சண்டைக்கு வராத அட்டவணையில் அவர் இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை.

சகலை, அதாவது வீட்டம்மாவின் அக்கா புருஷன், போன வருஷம் வெளிநாடு போய் ஒன்பது ஊர் பார்த்துவிட்டு வந்தார். அதிலிருந்து குடும்பத்தில் யார் எதைப் பேச ஆரம்பித்தாலும் பேச்சு அந்த ஒன்பது ஊரில் போய்த்தான் நின்றது. மழை என்றால், "அங்க பெய்யிற மழையே வேற சகல" என்பார். தலைவலி என்றால், "அங்க வர்ற தலைவலியே வேற சகல" என்பார். இதை எத்தனை நாள்தான் ஒரு மனிதன் பொறுத்துக்கொள்வது?

"லீவு சாங்ஷன் ஆயிடுச்சு," என்றார் அட்டவணையார். "ஒரு வாரம். ஏழு ஊர்!"

"அவரு ஒன்பது பாத்தாரே?" என்றாள் வீட்டம்மா, அடுப்பைத் துடைத்துக்கொண்டே.

"அவரு ரெண்டு வாரம் போனாரு. ஒன்பது ஊர். நாம ஒரே வாரம், ஏழு ஊர். சராசரி போட்டுப் பாரு, சகலை எங்க நிக்கிறாருன்னு தெரியும்."

"எனக்குச் சராசரி எல்லாம் வேணாங்க. வருஷம் பூரா கவுன்டர்ல நிக்கிறேன். ஒரு வாரமாவது எங்கயாவது போய் சும்மா உக்காந்துட்டு வரலாம்."

"உக்காரத்தானே ஃப்ளைட்டுல பதினாலு மணி நேரம் சீட்டுக் குடுக்குறான்!"

வீட்டம்மாவுக்கு மருந்துக்கடையில் வேலை. காலையில் கவுன்டருக்குப் பின்னால் போய் நின்றால் சாயங்காலம்தான் உட்காரலாம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கால் இரண்டும் பட்டை பட்டையாகச் சிவந்து கிடக்கும். அந்தக் கால்களை வைத்துக்கொண்டு ஏழு ஊர் ஓட முடியாது என்பது அவளுக்குத் தெரியும். நினைத்தாலே அழுகை வந்தது. ஆனால் முடியாது என்று இவரிடம் வாயைத் திறந்தால் அந்த நிமிஷமே எட்டாவது ஊர் சேர்ந்துவிடும் என்பதும் தெரியும். கட்டிக்கொண்டு குப்பை கொட்டியது கொஞ்ச நஞ்ச வருஷமா?

மறுநாள் சாயங்காலம் சாப்பாட்டு மேஜை முழுக்க அட்டவணை விரிந்தது. ஊர்ப் பெயர்கள் எதுவும் வாயில் நுழையவில்லை. அதனால் கோபுர ஊர், மியூசியம் ஊர், பாலத்து ஊர், அரண்மனை ஊர், சந்தை ஊர், எரிமலை ஊர், ஏரி ஊர் என்று அடையாளம் வைத்துக்கொண்டார்கள். விமானம் தரையைத் தொட்ட நிமிஷத்திலிருந்து எல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. ஏரி ஊருக்கு இரண்டு ரயிலுக்கு நடுவில் ஓர் அரை மணி ஒதுக்கியிருந்தார், அதுவும் போனால் போகிறது என்று.

வீட்டம்மா எதிர்க்கவில்லை. கண்ணை அகல விரித்துப் பார்த்தாள்.

"பிரமாதங்க! ஒரே ஒரு சந்தேகம். உங்க கம்பெனில புது ரூட்டு விடுறப்ப நேரா வண்டிய இறக்கிடுவீங்களா?"

"நேராவா? சோதனை ஓட்டம் விடாம ஒரு சைக்கிளக்கூட ரோட்டுல விட மாட்டேன்!"

"அப்ப இதுக்கும் ஒரு சோதனை ஓட்டம் விட்டுப் பாத்துடலாமா? வர்ற ஞாயித்துக்கிழமை?"

அட்டவணையாருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. அவருடைய தொழிலைப் பற்றி மனைவி அக்கறையாகக் கேட்ட முதல் கேள்வி இதுதான். உடனே சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அவரை எழுப்பிய நேரத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். "அங்க விடிஞ்சு வெயில் வந்தாச்சுங்க," என்றாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தவரைச் சுவரைப் பார்த்துப் போட்ட மூன்று நாற்காலிகளில் நடு நாற்காலியில் உட்கார வைத்தாள். முழங்கால் சுவரில் இடித்தது. ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள். இந்தப் பக்கத்து நாற்காலியில் சுருட்டிய மெத்தையை உட்கார வைத்தாள்.

"இது யாரு?"

"பக்கத்து சீட்டுக்காரர். நல்லாத் தூங்குறாரு. பாத்ரூம் போகணும்னா இவரத் தாண்டித்தான் போகணும்."

மெத்தை அவர் தோளில் சாய்ந்தது. தள்ளிவிட்டார். மறுபடி சாய்ந்தது. வீட்டம்மா வாரப் பத்திரிகையை அட்டையிலிருந்து அட்டைவரை நிம்மதியாகப் படித்து முடித்தாள். காலை வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் விமானம் தரை இறங்கியது.

அடுத்தது குடியேற்றச் சோதனை. இஸ்திரி மேஜைக்குப் பின்னால் போய் நின்று முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டாள்.

"எதுக்கு வந்திருக்கீங்க?"

"ஊர் பாக்க."

"எத்தனை ஊரு?"

"ஒரு வாரத்துல ஏழு."

"ஒரு ஊர்லயும் ஒரு நாளுக்கு மேல தங்க மாட்டீங்களா? யாராவது உங்களத் தேடுறாங்களா சார்?"

"ஐயோ, நான் கவர்மென்டுக்கு வரி கட்டுறவன்!"

"ஓரமா நில்லுங்க. விசாரிக்கணும்."

ஓரமாக நின்றார். நின்ற இடத்தில் பெட்டியும் இருந்தது. அதற்குள் வீட்டம்மா படித்த காலத்து மருந்தியல் புத்தகங்களை எல்லாம் அடுக்கியிருந்தாள், விமானத்தில் அனுமதிக்கிற எடைக்கு ஒரு பொட்டுக் குறையாமல். அதைத் தூக்கிக்கொண்டு ஓட்டலுக்கு வந்தார். ஓட்டல் என்பது படுக்கையறை வாசல்.

"ரூம் மதியானம் ரெண்டு மணிக்குத்தான் சார் ரெடியாகும்," என்றாள், இப்போது இனிமையாகச் சிரித்துக்கொண்டு.

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

"அட்டவணையில கோபுரம்னு போட்டிருக்கு. போங்க."

"பெட்டி?"

"பெட்டியும் கோபுரம் பாக்கட்டும் சார்."

கோபுரம் என்பது மொட்டை மாடி. லிஃப்ட் இல்லாத கட்டடம். ஒவ்வொரு படியாகப் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தபோது, மேல்தளத்து வக்கீல் எதிரில் இறங்கி வந்தார். பெட்டியைப் பார்த்தார். அட்டவணையாரின் கலைந்த தலையைப் பார்த்தார். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு வந்த வீட்டம்மாவையும் பார்த்தார்.

"எங்க சார், பெட்டியும் கையுமா?"

"கோபுரத்துக்கு," என்றார் அட்டவணையார், மூச்சு வாங்க.

வக்கீல் குரலைத் தாழ்த்தினார். "குடும்பம்னா முன்ன பின்ன இருக்கத்தான் செய்யும் சார். ரெண்டு பேரும் உக்காந்து பேசிப் பாருங்க. சரிப்பட்டு வரலன்னா நம்மகிட்ட வாங்க. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஃபீஸ்ல சலுகை உண்டு."

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதன் நிழலில் உட்காரப் போனவரை வீட்டம்மா தடுத்தாள்.

"உக்காராதீங்க, ரயிலு போயிடும். கோபுரத்தப் பாத்தாச்சா? கீழ இறங்குங்க, மியூசியம்."

கீழே இறங்கினார். மியூசியம் என்பது ஹாலில் இருந்த கண்ணாடி அலமாரி. அதன்மேல் போர்வை போர்த்தியிருந்தது.

"மூடியிருக்கே?"

"திங்கக்கிழமை மியூசியத்துக்கு லீவுங்க."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமைடி!"

"நம்ம அட்டவணைப்படி இன்னிக்குத் திங்க. திரும்ப மேல ஏறுங்க, பாலம் பாக்கணும்."

இரண்டாவது தடவை ஏறும்போது பாதிப் படியில் அட்டவணையார் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார். வயிறு கூவியது.

"சாப்பாடு எப்ப?"

"அத நான் உங்களக் கேக்கணும்னே இருந்தேன்," என்றாள். "ஏழு நாள் அட்டவணையிலயும் தேடிப் பாத்துட்டேன். ஒரு வேளைகூடக் காணோம்."

உண்மைதான். பஸ்ஸுக்கு அட்டவணை போட்டே பழகிய கை. பஸ் சாப்பிடாது. குளிக்காது. அதற்குத் தூக்கம் வராது. பயணிகள் சாப்பிடுவார்களா மாட்டார்களா என்பது இத்தனை வருஷ உத்தியோகத்தில் அவர் தலைக்குள் நுழைந்ததே இல்லை. ஓட்டுநர்கள் ஏன் அவருக்கு அந்த வேறு பெயர்களையும் வைத்தார்கள் என்று லேசாகப் புரிந்தது.

பின்னேரம் சோபாவில் சாய்ந்து, வெந்நீர் வாளிக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு, அட்டவணையார் கையில் பேனாவைப் பிடித்தார். எதை விடுவது? ஆனால் ஒன்று, இதைத் தோல்வி என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது.

"எரிமலை ஊரு கட்!" என்றார் கம்பீரமாக.

"ஐயையோ, எரிமலையா?" வீட்டம்மா பதறிப்போனாள். "அதுக்காகத்தானே நானே வர்றேன்னேன்!"

அட்டவணையார் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆகா, எதிர்ப்பு வந்துவிட்டது. அப்படியானால் வழி சரி.

"சந்தை ஊரும் கட்."

"நான் பை எல்லாம் எடுத்து வச்சுட்டேனே!"

"அரண்மனையும் கட்! மியூசியமும் கட்! பாலம் நம்ம ஊர்லயே இருக்கு, கட்!"

ஒவ்வொரு கட்டுக்கும் அவள் ஒரு பாட்டம் புலம்பினாள். புலம்பப் புலம்ப இவருக்கு வீரம் ஏறியது, பேனா பறந்தது. கடைசியில் கோபுர ஊரும் ஏரி ஊரும் மட்டும் மிஞ்சின. வீட்டம்மா வாளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"போனது போகட்டும், கோபுரத்த வச்சுக்கலாங்க. அந்த ஏரி ஊரு மட்டும் வேணவே வேணாம்."

"ஏன் வேணாம்?"

"அங்க என்ன இருக்கு? ஒரு ஏரி, கரையில நாலு நாற்காலி. நாளெல்லாம் உக்காந்து தண்ணியவா பாக்குறது? எங்கக்காகிட்ட சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பா."

அட்டவணையார் வாளிக்குள்ளேயே எழுந்து நின்றார்.

"ஏரி ஊர்தான்! அது ஒண்ணுதான்! போக வர ஆகாயத்துல போறது போக, மிச்ச நாள் பூரா அங்கதான். சகலை ஒன்பது ஊர் பாத்தாராம், எதையாவது முழுசாப் பாத்தாரா? நான் ஒரு ஊர முழுசாப் பாக்கப் போறேன். உலகத்துல இந்த மாதிரி முடிவெடுக்க ஒரு தைரியம் வேணும்!"

"என் பேச்ச எங்க கேக்கப் போறீங்க? நீங்க வச்சதுதானே சட்டம்," என்று முந்தானையை முகத்தில் ஒற்றிக்கொண்டு வீட்டம்மா உள்ளே போனாள். அழுகிறாளோ என்று நினைத்தார். சமையலறையில் பாத்திரங்கள் மட்டும் அன்றைக்கு ஏனோ ரொம்ப உற்சாகமாகச் சத்தம் போட்டன. அட்டவணையார் அகலமாகக் கையெழுத்துப் போட்டார்.

ஏரி ஊர் அவர் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. ஓட்டலுக்குப் பின்னால் புல்தரை, புல்தரை முடிகிற இடத்தில் தண்ணீர். போய்ச் சேர்ந்த மறுநாள் காலை வீட்டம்மா கரையோர நாற்காலியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலைப் புல்லில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவர் பார்த்து வருஷக்கணக்காகிறது. அவருக்கே கண் கலங்கியது. எல்லாம் நாம் எடுத்த முடிவு என்று நினைத்தபோது மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது.

இந்த வெற்றியை உடனே சகலைக்குப் போனில் சொல்லியாக வேண்டும். சிக்னல் கிடைக்கிறதா என்று ஓட்டல் முன்கூடத்துக்கு நடந்தார். அங்கே பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு ஒருவர் சாவிக்காக நின்றுகொண்டிருந்தார். திரும்பினார். சகலை!

"சகல! நீங்க எங்க இங்க?"

"நீங்க எங்க சகல இங்க?" சகலைக்கும் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் உடனே சமாளித்துக்கொண்டு மார்பை விரித்தார். "இந்த வருஷம் பதினோரு ஊர் போட்டிருந்தேன் சகல. அத்தனையும் கட் பண்ணிட்டேன். ஒரே ஊர், முழுசாப் பாக்கறேன்! எங்க வீட்ல ஒத்துக்கவே இல்ல. ஏரி மட்டும் வேணவே வேணாம்னு என்ன அழுகை, என்ன புலம்பல்! நான் விடுவேனா? இப்படி ஒரு முடிவெடுக்க ஒரு தைரியம் வேணும் சகல!"

அட்டவணையார் வாயைத் திறந்தார். சொல்ல வைத்திருந்ததை எல்லாம் சகலையே சொல்லி முடித்துவிட்டிருந்தார்.

இரண்டு பேரும் பின்பக்கம் நடந்தார்கள். கரையில் வீட்டம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் அவள் அக்கா வந்து உட்கார்ந்திருந்தாள். நாலு வெறுங்கால்கள் புல்லில் நீண்டிருந்தன. பின்னால் ஆள் வந்து நின்றதை அக்காவும் கவனிக்கவில்லை, தங்கையும் கவனிக்கவில்லை.

"எங்க வீட்ல வழிக்கு வர்றதுக்கு முழுசா ஒரு மாசம் ஆச்சுடி," என்றாள் அக்கா. "உனக்கு?"

"ஒரே ஞாயித்துக்கிழமை."