தவளைக்காக ஒரு ஜீப்

"வெலை சரிதான் அருளு. ஆனா அந்த வெளையாட்டு வித்தாத்தானே ஒனக்குக் காசு?" என்றார் ஜீப் ஸ்டாண்டில் மலைச்சாமி.

அதுதான் அருள்தாஸைக் குடைந்தது. கொடைக்கானலில் ஓய்வெடுக்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர், கிணற்றிலிருந்து தவளை தாவி ஏறும் வீடியோ கேம் ஒன்றை இளவயதில் செய்திருந்தார். இப்போது, 2008இல், இணையக் கடை ஒன்று அதை டவுன்லோடு செய்ய விற்றது. உரிமையை அருள்தாஸின் ஜீப் விலைக்கே தருகிறேன் என்றார். எத்தனை விற்றது என்பதைக் கடை வருடக் கடைசியில்தான் சொல்லும்.

"சொல்லாட்டி என்ன? கண்டுபிடிக்க வழியிருக்கு," என்று ஜீப் ஸ்டாண்டு முழுவதற்கும் விளக்கினார் அருள்தாஸ். "நல்லா விக்கிறது மேல, விக்காதது கீழன்னு கடைக்காரன் வரிசை போடுறான். மணிக்கொருதரம் மாத்துவான். நாம ஒண்ணு வாங்கிப் பாப்போம். கொஞ்சமா ஏறுனா, சுத்தி இருக்கறதும் விக்கிதுன்னு அர்த்தம். எக்கச்சக்கமா ஏறுனா, அங்க யாவாரமே இல்ல."

ஏரிக்கரை பிரவுசிங் சென்டர் நடத்தும் ஜெயா, தன் கார்டில் ஒன்று வாங்கிக் காட்டினாள். எண்பதாம் இடத்திலிருந்த தவளை ஐம்பதுக்குத் தாவியது.

"ஒண்ணுக்கே முப்பது படியா? அப்ப யாருமே வாங்கலண்ணே."

அருள்தாஸின் முகம் தொங்கிவிட்டது. ஸ்டாண்டுக்குத் திரும்பியவர், "நாளைக்குத் தொடாம சும்மா பாக்கப்போறேன். தானா ஏறுனா ஜீப்ப வித்துருவேன். எறங்குனா பேச்சே இல்ல," என்றார்.

"ஏறுனா நெசமாவே வித்துருவியாப்பா?" மூன்று வருடமாக அந்த ஜீப்பைக் கேட்டுக் கேட்டு அலுத்தவர் மலைச்சாமி.

"சத்தியமா."

மறுநாள் வெள்ளனே ஜெயாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நாற்பது. அடுத்த மணியில் இருபத்தேழு.

"நீ ஏதும் வாங்குனியா தாயி?"

"எனக்கு வேற சோலியில்லையா?"

சந்தேகம் தீர இன்னொரு கம்ப்யூட்டரில் பார்த்தார். அதற்குள் அடுத்த மணியும் ஆகிவிட்டது. பதினொன்று.

அருள்தாஸுக்கு உடம்பு சிலிர்த்தது. வெளியே ஏரியை மஞ்சு மூடிக் கிடந்தது. அதற்கப்பால், பேர் தெரியாத ஊர்களில், முகம் தெரியாத மனிதர்கள் பொத்தானை அமுக்க அமுக்க, இங்கே ஒரு தவளை கொண்டை ஊசி வளைவில் பஸ் ஏறுவதுபோல ஏறிக்கொண்டிருந்தது. அவர்களில் ஒருவருக்கும் மற்றவரைத் தெரியாது. ஆனாலும் சேர்ந்து தூக்குகிறார்கள்! ஒரு நாள் விற்பனையை உத்தேசமாக ஊகித்து, வருடத்துக்குப் பெருக்கினார். ஜெயாவின் கால்குலேட்டரில் இடம் போதவில்லை.

"எம்புட்டு பெரிய உலகம்!" என்றார்.

மத்தியானமே மலைச்சாமி பேரம் பேசாமல் பணத்தை எண்ணி வைத்தார். அது அப்படியே வெள்ளைக்காரர் கைக்குப் போனது.

சாயங்காலம் மலைச்சாமியின் மனைவி சிவபாக்கியம், ஜீப் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு அருள்தாஸைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"இந்த வண்டிக்காக இந்த மனுசன் பட்ட பாடு இருக்கேண்ணே! காலையிலருந்து மதுரைல இருக்க மகனுக்குப் போன் மேல போன் போட்டு, அவன் கூட்டாளிக கார்டுலயெல்லாம் ஏதோ தவள வெளையாட்ட வாங்க வச்சாருல்ல!"